விடுமுறைக்கு முன் விறகுப்புரையை ஒருமுறை பாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதன் பிறகு பிள்ளைகள் முழு நேரமும் வீட்டிலும் விளையிலும்தான் இருப்பார்கள். அதற்கு முன் குளவியைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இடது கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்கிப்போய் வந்து நின்றான். "என்ன மக்களே?" என்று கேட்டேன். அடுப்புக்குச் சிரட்டை எடுக்க விறகுப்புரைக்குள் கை விட்டிருக்கிறான். அடுக்குக்குப் பின்னால் கூடு. நாலு இடத்தில் கொட்டியிருக்கிறது. "ஒரு மாசமா அங்க ரெண்டு மூணு பறக்கத்தான் செய்யுது சாரே, நான் பெரிசா எடுக்கல்ல" என்றார் அவன் அம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று சாயங்காலம் டார்ச்சோடு பள்ளியைச் சுற்றி வந்தபோது, ஆண் பிள்ளைகள் கழிப்பறை சன்ஷேடின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு தொங்கியது. தினமும் அதன் கீழேதான் நடக்கிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. இப்போது அதை அகற்றியாகிவிட்டது.

எல்லாக் குளவியையும் கண்டு பயப்பட வேண்டாம். சுவரிலும் புத்தக அலமாரி மூலையிலும் மண்ணால் கூடு கட்டுவது தனியாக வாழும் குளவி. அதன் கூடு வந்தால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று நம் பாட்டிமார் கலைக்க விடமாட்டார்கள். நாமாக அமுக்கிப் பிடித்தால் ஒழிய அது பெரும்பாலும் கொட்டாது. ஐந்தாம் வகுப்பில் காய்ந்த மண் கூடு ஒன்றை உடைத்துப் பார்த்தோம். உள்ளே பதினோரு குட்டிச் சிலந்திகள், காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்கிறோமே, அப்படி எதுவும் மாறுவதில்லை. தாய்க்குளவி இரையை மயக்கி அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அந்த இரையைத் தின்று வளர்கிறது.

பயப்பட வேண்டியது கூட்டமாக வாழ்பவற்றுக்கு. மரநாரைச் சவைத்து, எச்சிலில் குழைத்து, காகிதம் போலக் கட்டும் குளவி ஒன்று. அதன் கூடு கவிழ்த்த தாமரைக்காய் மாதிரி இருக்கும், அறைகள் வெளியே தெரியும். இன்னொன்று கடந்தை. அதன் கூட்டைச் சுற்றிப் பழுப்பு வரிகளோடு உறை இருக்கும். விட்டால் பலாக்காய் அளவுக்கு வளரும். தேன்பெட்டி வைத்திருக்கும் வீட்டாருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி வாசலில் வந்து தேனீயைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள்.

எவ்வளவு பெரிய கூடும் பெரும்பாலும் ஒரு ராணிக்குளவி தனியாகத் தொடங்கியதுதான். முதல் நாட்களில் அது ஒரு ரூபாய் அகலம்கூட இருக்காது. அப்போதே கண்ணில் பட்டுவிட்டால், பெரியவர் ஒருவர் இருட்டிய பிறகு முழுக்கை சட்டை போட்டு, நீளக் கம்பால் தட்டிவிட்டாலே போதும். குளவி நாலைந்துக்கு மேல் தெரிந்தால் கம்பைக் கீழே போட்டுவிடுங்கள்.

ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஓட்டு வீட்டில் கழுக்கோல் இடுக்கு, ஏர்ஹோல், மீட்டர் பெட்டி, தண்ணீர் டேங்கின் அடி, பயன்படுத்தாத தொழுவம், மரப்பொந்து, தரையில் உள்ள பொந்து, நல்லமிளகுக் கொடி அடர்ந்த மரம், செம்பரத்தி வேலி இத்தனையையும் பார்க்க வேண்டும். கூடு தெரியாமல் குளவி மட்டும் தெரிந்தால் வெயில் நேரத்தில் தள்ளி நின்று கவனியுங்கள். போவதும் வருவதும் ஒரே தடத்தில் இருந்தால் தடம் முடியும் இடத்தில் கூடு இருக்கிறது. பொந்துக்குள் கம்பு விட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

ஏர்ஹோலில் கொசுவலைக் கம்பி அடித்துவிடுங்கள். ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். மீன் வெட்டிய கழிவை வாழைமூட்டில் போடுவது நம் வழக்கம். போடுங்கள், ஆனால் மண்ணைத் தள்ளி மூடுங்கள். மீனுக்கும் விழுந்து அழுகும் பழத்துக்கும் இவை தேடி வரும்.

ஓலைச்சூட்டு கட்டிக் கொளுத்துவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, பையன்களைக் கல்லெறிய விடுவது, இம்மூன்றும் வேண்டவே வேண்டாம். ஒன்றை நசுக்கினால் அதன் உடம்பிலிருந்து கிளம்பும் வாசனை கூட்டில் உள்ள மற்றவற்றையும் கிளப்பிவிடும். பெரிய கூட்டுக்கு 101-ஐ அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் வருவார்கள்.

கொட்டிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லிக் கொடுங்கள். கையை வீசக் கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் பொதிந்த ஐஸ் வைக்கலாம். கையில் என்றால் வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். தேனீ கொடுக்கை விட்டுப்போகும், அதை உடனே சுரண்டி எடுங்கள். குளவி பெரும்பாலும் விடாது. சுண்ணாம்பு தடவுவதை நானும் சின்ன வயதில் அனுபவித்திருக்கிறேன், தோல் வெந்ததுதான் மிச்சம்.

உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே 108. ஒரே ஒரு கொட்டுக்கும் இப்படி ஆகலாம், சில நிமிஷங்களிலேயே ஆகலாம். வாய்க்குள் கொட்டினாலும், பல இடங்களில் கொட்டினாலும் பிள்ளை தெளிவாக இருக்கிறதே என்று பார்த்திருக்காமல் குழித்துறை, தக்கலை, ஆசாரிபள்ளம் என்று எந்த அரசு மருத்துவமனை பக்கமோ அங்கே கொண்டுபோங்கள். நிறையக் கொட்டினால் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அடுத்த நாட்களில் சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கீழே உள்ள துண்டைக் கிழித்து வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். முன்பு குளவியோ தேனீயோ கொட்டி உங்கள் பிள்ளைக்கு மூச்சுத் திணறலோ உடம்பு தடிப்போ வந்ததுண்டா என்று மட்டும் அதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்