ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கெம்பஸில் இறுதியாண்டு படிக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரையைத் தொடங்கப் படும் பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன், போன கிழமை நடந்த ஒன்று உடனே எழுத வைத்துவிட்டது.

சித்தாண்டியில் முன்பு என்னிடம் படித்த பிள்ளையொன்று ஆய்வு முன்மொழிவைத் தூக்கிக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மட்டக்களப்பு மாவட்ட இளைஞர்களிடையே சமூக ஊடகங்களின் தாக்கம் என்பது தலைப்பு. வாசித்துக்கொண்டு போனால் ஏழாம் பக்கத்தில் 'வவுனியா மாவட்டத்தில்' என்று நிற்கிறது. கேட்டதும் கண் கலங்கிவிட்டாள். போட்டோக்கொப்பிக் கடையொன்றில் யாரோ செய்த பழைய ஆய்வைக் காசுக்கு வாங்கி ஊர்ப்பெயரை மாற்றியிருக்கிறாள், ஓரிடம் தப்பிவிட்டது. செய்தது பிழைதான், அதை அவளிடமே சொன்னேன். ஆனால் "தலைப்பொன்றோடு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இருபத்துநான்கு வயதுப் பிள்ளை எங்கே போய் எடுக்கும்?

நான் தலைப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "மகள், உங்கட வீட்டில் இப்ப என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அவர்கள் மாடு வளர்க்கிறவர்கள். பெரும்போகம் என்கிற மாரிகால நெற்செய்கை தொடங்கி வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது, தூரத்து மேய்ச்சல் தரைக்கு அனுப்ப வேண்டும், அந்த மாதங்களில் வீட்டுக்கு வரும் பால் குறைந்து தயிர் வியாபாரமும் படுத்துவிடும் என்றாள். எவ்வளவு குறையும் என்று கேட்டதற்கு, "அம்மா கலண்டரில் எழுதி வைப்பா சேர்" என்றாள். அடுத்த நாள் அந்தக் கலண்டரையே கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் எத்தனை போத்தல் பால் என்று பென்சிலால் எழுதிய எண், சில நாட்களில் வெறும் கோடு. மூன்று வருடக் கலண்டர்கள், பழையவற்றில் மூலை எல்லாம் எண்ணெய் பிடித்திருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் ஆய்வின் முதல் பக்கம். எங்கள் மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் வெளியார் பயிர் செய்வதால் மாடு வளர்ப்போருக்கு வந்த தகராறை நாமெல்லாம் பத்திரிகையில் வாசிக்கிறோம், ஆனால் பெரும்போகத்தில் ஒரு குடும்பத்தின் பால் வருமானம் எவ்வளவு இறங்குகிறது என்ற சின்னக் கேள்விக்குப் பதிலை அவளால் சைக்கிளில் போயே இருபது வீடுகளில் கேட்டுவிட முடியும்.

கேள்வி கைக்கு வந்துவிட்டால் வாசிப்பதற்கும் ஒரு வழி பிறக்கும். அதே விடயத்தைப் பற்றிய அண்மைய கட்டுரை ஒன்றை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் எடுத்து, அதன் கடைசியில் உள்ள உசாத்துணைப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனாலே பாதித் தேடல் முடிந்துவிடும். கால்நடை எண்ணிக்கைக்கு மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் இருக்கிறது. எங்கள் பகுதியின் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, இதைப் பல பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம். அப்புறம் ஒன்று, எதை வாசித்தாலும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் அந்த நிமிடமே கொப்பியில் எழுத வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டவர்கள் சமர்ப்பிக்கும் கிழமையில் இரவிரவாகத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். முன்னுரையைக் கடைசியில் எழுதினாலும் பரவாயில்லை.

சின்னக் கேள்வி என்றால் மதிப்பில்லை என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளுக்கு விளக்கம் தேடப் போய்த்தான் 1947இல் வெளியான, பழந்தமிழ் இசையையும் யாழையும் ஆராயும் 'யாழ் நூல்' என்ற பெரிய நூலை எழுதி முடித்தார். வருடக்கணக்கான உழைப்பு, தொடக்கம் 25 அடிகள். அவர் பிறந்த மண்ணில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டாமா?

விரிவுரையாளர்களிடம் நான் கேட்பது இதுதான். தலைப்புக் கேட்பதற்கு முன்னால் ஒரேயொரு தாள் கேளுங்கள். என் கேள்வி என்ன, அதை யாரிடம் கேட்பேன், அவர்களிடம் எப்படிப் போய்ச் சேருவேன் என்று பிள்ளை தன் கையாலேயே எழுதட்டும், அந்தத் தாளை வைத்து அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளையோடு கதையுங்கள். வேலைப்பளு எனக்கும் விளங்குகிறது, நானும் முப்பது வருடம் கொப்பி திருத்தியவன்தான். ஆனாலும் அந்த அரை மணித்தியாலம் கிடைக்காத பிள்ளைதான் கடைக்குப் போகிறது.

சித்தாண்டிப் பிள்ளை இப்போது பதினொரு வீடுகள் முடித்திருக்கிறாள். கலண்டரில் பால் கணக்கு எழுதுகிற தாய்மார் இன்னும் நான்கு பேரைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வந்தாறுமூலை.