தூய்மைப் பணியாளர் கூலிக் கணக்கைக் கேட்டு ஆணையருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
14ஆவது வார்டில் ஜெராக்ஸ் கடை நடத்துபவர், சொத்து வரி செலுத்துபவர்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தொழிலாளர் துறை அதிகாரி அவர்கள்.

பொருள்: ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் கூலி, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் – ஒப்பந்ததாரருக்கு வழங்கப்படும் தொகையின் கணக்கை வெளியிடவும் நிலுவையை வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் கடையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும்தான் இருக்கின்றன. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அவற்றின் முன் கூட்டம் கூடிவிடும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்து வரி கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பதால், எங்கள் பகுதியில் பாதிப் பேர் ரசீது எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். வரும்போதே புலம்பிக்கொண்டு வருகிறார்கள், அதில் தப்பில்லை. 2022 ஏப்ரலில் அறிவித்த சீராய்வில் 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்ந்தது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியம் வர வேண்டுமானால் வேறு வழியில்லை என்றார்கள். என் வீடு இரண்டாவது ரகம். அரையாண்டுக்கு 1,260 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவன் 1,890 கட்டினேன். பிறகு 6 விழுக்காடு உயர்ந்து 2,003 ஆனது. நூலக வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் எல்லாம் தனி.

கட்டமாட்டேன் என்று சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. கட்டிய ரசீதுகள் அனைத்தும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பணம் போன இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது தற்செயலாக என் கடை மேசைக்கே வந்து சேர்ந்தது.

சென்ற மாதம் ஒரு நாள், எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்கப் பேட்டரி வண்டி ஓட்டி வரும் அம்மா மதியம் வேலை முடிந்து கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டுமே இடது கைக்கு உரியவை. "அப்படித்தான் கொடுத்தார்கள், திருப்பிப் போட்டுக்கொள்வேன்" என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு பி.எஃப். பணத்திலிருந்து கொஞ்சம் எடுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். அவர் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு பாஸ்புக்கைத் திறந்தேன். கடைசி வரவு ஏழு மாதங்களுக்கு முன்னால் நின்றிருந்தது. பிரிண்டர்தான் விட்டுவிட்டதோ என்று நினைத்து இன்னொரு முறை எடுத்தேன். இரண்டாவது தாளிலும் அதேதான்.

பிடித்தம் மட்டும் மாதம் தவறாமல் நடக்கிறது. சம்பளச் சீட்டு கொடுப்பதில்லை. மேற்பார்வையாளர் நோட்டில் பார்த்த கணக்கை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். நாளொன்றுக்குக் கைக்கு வருவது 420 ரூபாய். பி.எஃப். 12 விழுக்காடும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) முக்கால் விழுக்காடும் போகத்தான் இந்த 420 என்றால், மொத்தக் கூலி 481 ரூபாய் ஆகிறது. மாவட்ட ஆட்சியர் இந்த ஆண்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி அதைவிட அதிகம். உள்ளாட்சித் தூய்மைப் பணிக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த 2017ஆம் ஆண்டின் அரசாணை 62ஐப் பற்றி நான் சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றுதான் தொழிற்சங்கங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மாதம் 26 நாள் கணக்கில், தொழிலாளியின் 12 விழுக்காடும் நிர்வாகத்தின் 12 விழுக்காடும் சேர்ந்தால் ஏறக்குறைய 3,000 ரூபாய். ஏழு மாதத்துக்கு 21,000. அந்த அம்மா சொல்லி மேலும் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பாஸ்புக்கிலும் அதே மாதத்தில்தான் வரவு நின்றிருக்கிறது. எங்கள் வார்டில் 11 பேர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் இதே நிலை என்றால் ஒரே வார்டில் 2,31,000 ரூபாய். நிர்வாகப் பங்கும் தாங்கள் ஒப்பந்ததாரருக்கு வழங்கும் பில் தொகைக்குள் அடங்கியதுதானே? அப்படியானால் அது எங்கள் வரி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளம் 17ஆம் தேதி வரை வராததால் இந்தப் பணியாளர்கள் இரண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்தபோது, தெருமுனையில் குப்பை மலைபோல் கிடந்தது. மூன்றாம் நாள் வந்தவர்களிடம், "வரி கட்டுகிறோமே, எதற்கு?" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். கேள்வி சரிதான், கேட்ட இடம்தான் தவறு. அதனால்தான் இப்போது தங்களிடம் கேட்கிறேன்.

"அவர்களுக்குக் கூலி கூடினால் நமக்கு வரி கூடும், உனக்கு எதற்கு வேண்டாத வேலை" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். வரிதான் ஏற்கெனவே கூடிவிட்டதே, கூலிதான் கூடவில்லை! 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததையும், 13ஆம் தேதி இரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். தூய்மைப் பணி தனியாருக்குக் கைமாறினால் வாங்கிக்கொண்டிருக்கும் சம்பளமும் குறையும் என்பதே அவர்களின் பயம். இங்கே அப்படிப் பயப்படவும் ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் வரியைத் தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு அபராதம். பாக்கி அதிகமானால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பதாக நோட்டீஸ். சென்ற ஆண்டு பாக்கிதாரர்களின் பெயர்களைப் பேனரில் அச்சடித்து அலுவலக வாசலில் கட்டியிருந்தீர்கள். ஏழு மாதமாகத் தொழிலாளியின் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவருக்கு என்ன பேனர்?

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, "கோரிய விவரங்கள் ஒப்பந்ததாரர் வசம் உள்ளன" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பணம் கொடுப்பது நகராட்சி, கணக்கு மட்டும் ஒப்பந்ததாரரிடமா? ஒப்பந்ததாரர் கூலியைத் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே (ஒப்பந்ததாரருக்கு வேலையைக் கொடுத்தவரே) அதைக் கொடுத்துவிட்டு அவருடைய பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே 21ஆம் பிரிவில் சொன்னது. பின்னர் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு நீங்கவில்லை. இங்கே முதன்மை வேலையளிப்பவர் நகராட்சிதான்.

ஆகவே, ஒரு பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு வழங்குகிறீர்கள், அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதை வார்டுவாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேனர் கட்டிய அதே இடம் போதும். முந்தைய மாதத்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய செலானைப் பணியாளர் பெயர்ப் பட்டியலுடன் ஒப்பந்ததாரர் காட்டாதவரை அவருடைய பில்லை நிறுத்திவைக்க வேண்டும். ஏழு மாத நிலுவையையும் கூலிக் குறைவையும் அந்த பில்லிலிருந்தே பிடித்து உரியவர்களிடம் சேர்க்க வேண்டும். மாதச் சம்பளச் சீட்டும் வலது கைக்கு ஒரு கையுறையும் கொடுக்கச் சொல்லுங்கள்.

அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் தொழில் வரி உண்டு. 420 ரூபாய் வாங்கும் அந்த அம்மாவும் அதற்குள் வந்துவிடுகிறார். தங்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. கேட்டால் வேலை போய்விடும் என்பதால் நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
14ஆவது வார்டு வரி செலுத்துபவர்

இணைப்பு: சொத்து வரி ரசீது நகல் ஒன்று, பி.எஃப். பாஸ்புக் நகல்கள் ஐந்து. பாஸ்புக் நகல்களில் பெயரையும் எண்ணையும் மறைத்திருக்கிறேன். யார் என்று தெரிந்தால் மறுநாள் காலையில் அவர்களுக்கு வண்டி தர மாட்டார்கள்.