தரை டிக்கெட் கோஷ்டிக்கு ஒரு திறந்த மடல்

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒவ்வொரு கோடையிலும் ராக் கச்சேரிக்கு மொத்தமாக டிக்கெட் எடுக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு எவ்வளவு, யார் காரில் யார் என்று மார்ச் மாதமே பட்டியல் போட்டுப் பணத்தையும் வசூலித்துவிடும் உங்கள் சுறுசுறுப்பை நான் குறை சொல்ல வரவில்லை. பல வருடமாக அந்தப் பட்டியலில் நானும் ஒரு பெயர். அதில் ஒரு கட்டம் மட்டும் எப்போதும் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். டிக்கெட் வகை: லான், அதாவது திறந்தவெளி அரங்கில் கூரைக்கும் நாற்காலிகளுக்கும் பின்னால் இருக்கும் புல்சரிவு. மேடையில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதே அப்புறம்தான் முடிவாகும், ஆனால் நாம் புல்லில்தான் உட்காரப்போகிறோம் என்பது எப்போதோ முடிவாகியிருக்கும். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

லான் டிக்கெட்டை நான் மட்டமாக நினைப்பதாக எண்ண வேண்டாம். மணப்பாறைப் பக்கம் டென்ட் கொட்டகையில் படம் பார்த்து வளர்ந்தவன் நான். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்காரர்களுக்குக் கழுத்து வலிக்கும், ஆனால் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் ராஜா மாதிரி உட்காரலாம், பின்னால் இருப்பவர் திட்டும் வரைக்கும். அமெரிக்காவில் இந்தக் கணக்கு தலைகீழ். காசு கொடுத்தவர் முன்னால் போகிறார், தரை டிக்கெட்காரர் கடைசிக்குப் போகிறார். இங்கே வந்த புதிதில் லானுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, மேடைக்கு முன்னால் புல்தரை இருக்கும் என்று நம்பிப் போனேன். சிரிக்காதீர்கள்.

இந்தப் புல்வெளிகள் ராக் இசைக்காகப் பிறந்தவை அல்ல. மாசசூசெட்ஸில் பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவின் கோடை வீடான டாங்கிள்வுட்டில் 1938-லேயே பெரிய கொட்டகை ஒன்றைக் கட்டினார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே புல்லில் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு பேத்தோவன் கேட்டார்கள். 1966-ல் நியூயார்க் மாநிலத்தின் சரடோகா, 1968-ல் ஒஹையோவின் பிளாசம் என்று அதே வடிவம் பரவியது. பிறகு ராக் குழுக்கள் அந்த வீடுகளுக்குள் நுழைந்தன. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பில் கிரஹாம் என்ற கச்சேரி ஏற்பாட்டாளர் 1970-ல் ‘தி ஹூ’ ராக் குழுவை அந்த டாங்கிள்வுட் மேடையிலேயே ஏற்றினார். அவர் கைபட்டுத்தான் நம் பக்கத்து ஷோர்லைன் அரங்கு 1986-ல் திறந்தது. மொத்தம் சுமார் 22,000 பேர் கொள்ளும் அரங்கு, அதில் நாற்காலி சுமார் 6,500 பேருக்கு மட்டும். மீதிப் பேர் புல்லில். சான் ஃபிரான்சிஸ்கோ ஊர்க்குப்பையைக் கொட்டி மேடாக்கிய நிலம் அது. முதல் வருடம் லானில் யாரோ சிகரெட் பற்றவைக்க, தரையிலிருந்து கசிந்த மீத்தேன் குப்பென்று பிடித்துக்கொண்டது. அப்புறம் புல்லைப் பெயர்த்து, வாயுவை வெளியேற்ற வழிசெய்து, மறுபடி மூடினார்கள். நாம் புளியோதரை சாப்பிடும் இடத்தின் வரலாறு இது.

புளியோதரை என்றதும் ஞாபகம் வருகிறது. பல அரங்குகளில் ஒரு கேலன் அளவு ஜிப்லாக் பையில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள். வாசலில் பாதுகாவலர் அந்தப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்கும்போது நாம் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்வோமே, அது லானுக்குப் போகும் கூட்டத்துக்கு மட்டும் வாய்க்கிற சுகம். ‘டெட் அண்ட் கம்பெனி’ மாதிரி ஒரு பாட்டை இருபது நிமிடம் நீட்டுகிற குழுவுக்கு லானைவிட நல்ல இடமே கிடையாது. அங்கே யாரும் மேடையைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடி ஆடுகிறார்கள், பக்கத்து விரிப்புக்காரர் பழம் நீட்டுகிறார், குழந்தைகள் சரிவில் உருளுகின்றன. அப்படிப்பட்ட குழுவுக்கு நாற்காலி வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

ஆனால் எல்லாக் குழுவும் அப்படியா?

திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது, நகலெடுத்து நகலெடுத்துத் தேய்ந்துபோன ஒரு டிடிகே கேசட்டில் எட்டி வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ கேட்டேன். 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில் இரண்டு நிமிடம்கூட வராத கிட்டார் தனி. ஒரே ஆள் வாசிக்கிறார் என்று ரூமில் யாரும் நம்பவில்லை. இரண்டு கை விரல்களாலும் தந்தியைத் தட்டி வாசிக்கிறார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள், அதையும் நம்பவில்லை. 2015 கோடையில் வான் ஹேலன் குழு கலிபோர்னியா வந்தது. அண்ணன் அலெக்ஸ் டிரம்ஸ், மகன் வுல்ஃப்கேங் பேஸ், நடுவில் எட்டி. உங்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது, லான் என்று. கூரைக்குக் கீழே நல்ல நாற்காலிக்கும் லானுக்கும் எண்பது டாலர் வித்தியாசம். எண்பது டாலருக்கு ஒரு வார மளிகை வாங்கலாமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போவோம் இல்லையா? அன்று எட்டியின் கிட்டார் தனிக்காகவே போயிருந்தேன். அது வந்தபோது மேடையில் எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் புள்ளி. விரல்களைத் திரையில்தான் பார்த்தேன். அதையும் முன்னால் எழுந்து நின்றவரின் தொப்பி பாதி மறைத்தது. வீட்டில் யூடியூபில் இதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவின் கடைசிச் சுற்றுப்பயணம் அது. 2020 அக்டோபரில் எட்டி இறந்துபோனார். அந்த வார மளிகையில் என்ன வாங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஒலியையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தால், டிரம்ஸில் குச்சி விழுவதைப் பார்த்து நொடியில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் கழித்துச் சத்தம் வரும். லானுக்கென்று கூரை விளிம்பிலும் கம்பங்களிலும் தனி ஒலிபெருக்கிகள் வைத்து, மேடைச் சத்தத்தோடு ஒத்து வரும்படி வேண்டுமென்றே தாமதப்படுத்தி அனுப்புகிறார்கள். நன்றாகச் செய்தால் பாட்டு சுத்தமாகக் கேட்கும். ஆனாலும் கண்ணும் காதும் சேர்வதில்லை. காற்று குறுக்கே அடித்தால் பாடகரின் குரல் வருவதும் போவதுமாக இருக்கும். விரிகுடாக் கரையில் ஜூலை இரவில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியாததா, போர்வைக்குள் பன்னிரண்டு பேரும் சுருண்டு கிடந்தவர்கள்தானே நாம்.

சரி, காசு. முன்பெல்லாம் லான் முப்பது டாலர் என்று பார்த்து ஆசையாக உள்ளே போனால், பணம் கட்டும் பக்கத்தில் அது ஐம்பதைத் தொட்டிருக்கும். 2025 மே 12 முதல் ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் விதிப்படி கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். ஆகவே இப்போது ஒப்பிடுவது எளிது. அந்த விலையோடு வாடகை நாற்காலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஓர் அரங்கில் சொந்த நாற்காலியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே அதே மாதிரி ஒன்றை வாடகைக்குக் கொடுத்தார்கள்! நியூஜெர்சியில் இருக்கும் என் மாமா பையன் இதோடு மழையையும் சேர்ப்பான். மழை வந்தாலும் கச்சேரி நடக்கும், லான் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது.

இன்னொன்று, கூரைக்குக் கீழே கடைசி வரிசைகளை மட்டும் தொடாதீர்கள். விலையோ நாற்காலி விலை, கிடைப்பதோ லான் காட்சி, அதுவும் காலை நீட்ட முடியாமல். ஒன்று புல், இல்லையென்றால் முகம் தெரிகிற தூரம். பன்னிரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் நல்ல நாற்காலி தேடினால் கிடைக்காது. தனி ஆளாகத் தேடினால் அங்கங்கே ஒற்றை இடம் மிஞ்சிக் கிடக்கும். கச்சேரி அன்று மதியம் மறுவிற்பனைக்காரர்கள் கையில் தங்கிப்போனதைச் சில சமயம் விலை இறக்கியும் விற்பார்கள். மேடையடியில் நின்றுகொண்டு பார்க்கிற பிட் உங்கள் வயதுக்கு. என் முட்டிக்கு ஆகாது.

அதனால் ஒரு வேண்டுகோள். பட்டியலில் டிக்கெட் வகை என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள், அவரவர் நிரப்பிக்கொள்ளட்டும். யாராவது நாற்காலி என்று எழுதினால் ‘சாருக்குப் பதவி உயர்வா’ என்று குழுவில் கிண்டல் செய்யாதீர்கள். கிட்டாரிஸ்டுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது என்றால், வாங்குவதற்கு முன் ஒரு தடவை என்னைக் கேளுங்கள்.

ஆகஸ்டு கச்சேரிக்கு எனக்கு ஒற்றை நாற்காலி எடுத்தாகிவிட்டது. புளியோதரை வழக்கம்போல் என் பொறுப்பு. வலது பக்க ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் விரிப்பைப் போட்டு வையுங்கள், முதல் குழு வாசித்து முடிந்ததும் மேலே ஏறி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பட்டியலில் பன்னிரண்டாவது பெயர்