மருந்துக் கடை பில்லை அனுப்பி வை

தம்பி,

அம்மா நன்றாக இருக்கிறாள். நேற்று காரைக்குடிக்குப் போய்க் கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தாள், மூச்சு வாங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவைச் சேர்த்த அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் மருந்து வாங்கினாயே, அந்த அசல் பில் உன் பையோடு போய்விட்டது. அதை அனுப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டால் ஆகாது, இசிஎச்எஸ்-க்கு, அதான் நம் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்துக்கு, அசல்தான் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஸ்பத்திரி பில், டெஸ்ட் ரிப்போர்ட், கார்டு நகல், கேன்சல் செய்த செக் எல்லாம் ஃபைலில் சேர்த்துவிட்டேன். எமர்ஜென்சி சர்டிபிகேட்டுக்குத்தான் ஆஸ்பத்திரியில் இழுத்தடித்தார்கள். அது இல்லாமல் கொடுத்தால், திட்டத்தின் பட்டியலில் (பேனலில்) இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஏன் போனீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே ஃபைல் திரும்பி வந்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை அந்த நேரத்தில் புதுவயலில் இருந்து மதுரைக்கா கொண்டுபோக முடியும், பக்கத்தில் எது இருந்ததோ அங்கேதான் போனோம். 48 மணி நேரத்துக்குள் இசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் தகவல் சொல்லியாக வேண்டும், அதை விடிந்ததுமே சொல்லிவிட்டேன்.

"விடுங்கப்பா, கொஞ்சம்தானே வரும், எதுக்கு அலையுறீங்க" என்றாய். கட்டியது முழுக்க வராதுதான். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் ரேட் (சிஜிஎச்எஸ் ரேட்) என்னவோ அதுவரைக்கும்தான் தருவார்கள், மிச்சம் நம் பாடு. அதற்காக விட்டுவிடுவதா? இது யாரும் போடுகிற பிச்சை இல்லை தம்பி. 2003-ல் திட்டம் வந்தது, பணம் கட்டித்தான் சேர்ந்தேன். திட்டம் வருவதற்கு முன்னாலெல்லாம், ரிட்டயர் ஆனவன் ராணுவ ஆஸ்பத்திரியைத் தேடிப் போக வேண்டியிருந்தது, நம் பக்கம் அது எங்கே இருக்கிறது? பனியிலும் வெயிலிலும் நின்றவனுக்கு உரிய பணம் அது. நான் வாங்காமல் விடமாட்டேன்.

எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் கவுண்டரில் நீ பணம் கட்டினாய், அதை உன் அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் அவ்வளவு பணம் உனக்கு ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு வீடியோவில் பார்த்தபோது மருமகள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்ததாம், அம்மா சொன்னாள், அதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. அடகுக்கடை வட்டி நாளுக்கு நாள் ஏறும் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நெருக்கடி இருந்தால் பெற்றவனிடம் சொல்வதற்கு என்ன, நான் இன்னும் பென்ஷன் வாங்குகிறவன்தானே.

கிளெய்ம் பணம் என் கணக்கில்தான் விழும். விழுந்த அன்றே உனக்கு அனுப்பிவிடுவேன், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. குறைகிறதை நானே போட்டுத் தருகிறேன். முதலில் அதை மீட்டுவிடு, மற்றதெல்லாம் அப்புறம்.

பில்லை ஸ்பீடு போஸ்ட்டில் போடு, அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். அசல் தொலைந்தால் அந்தத் தொகையை வாங்குவது கஷ்டம். போட்டுவிட்டு ஒரு போன் பண்ணு, என்னிடம் பேசச் சங்கடமாக இருந்தால் அம்மாவிடம் பேசு.

அப்பா