குக் நீரிணையிலிருந்து அப்பாவுக்கு

வெலிங்டன், நியூசிலாந்து,
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி, செபஸ்தி மாமா வாங்கிய வலை, சந்தியாகப்பர் திருவிழாவுக்கான வசூல் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், "அங்கே நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அம்மா கேட்பார். கடலையும் அதன் நீரோட்டத்தையும் நீங்கள்தான் கேட்பீர்கள். ஆகவே அதையே விரிவாக எழுதுகிறேன்.

நம் பாம்பன் வாய்க்காலில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் காலத்தில் தென்கடல் தண்ணீர் வடகடலுக்குப் போகும்; வாடை பிறந்தால் திரும்பும். இங்கே அந்தத் திருப்பம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நடந்துவிடுகிறது. வடதீவுக்கும் தென்தீவுக்கும் நடுவே, 22 கிலோமீட்டர் அகலம் வரை குறுகும் குக் நீரிணை, ஒரு பக்கம் தாஸ்மன் கடலையும் மறுபக்கம் பசிபிக்கையும் இணைக்கிறது. இந்நாட்டில் கடல் ஏற்றம் எல்லாக் கரைக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அது ஒரு நீண்ட அலையாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், தீவுகளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். அதனால் நீரிணையின் ஒரு வாயில் ஏற்றம் என்றால் மறுவாயில் கிட்டத்தட்ட வற்றம். இந்த ஏற்றத்தாழ்வுதான் தண்ணீரை இப்படி இழுத்து ஓட்டுகிறது. வெலிங்டன் துறைமுகத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது. தூணில் தண்ணீர் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும், அவ்வளவுதான். தாஸ்மன் பக்கத்து நெல்சனில் 4 மீட்டர் வரை ஏறும்.

தென்தீவின் பிக்டனுக்குப் பெர்ரியில் போனபோது, டோரி கால்வாயின் வாயில் அந்த ஓட்டத்தை அருகிலிருந்து கண்டேன். ஒரு பக்கம் சிற்றலைகள் குத்திட்டு நுரைத்துக்கொண்டிருக்க, அதையொட்டியே எண்ணெய் பூசியது போன்ற வழவழப்பான தண்ணீர்; அதில் சுழிகள் எழுந்து, அகன்று, கரைந்தன. பாறையைப் பற்றியிருந்த பாசிகள் எல்லாம் ஒரே பக்கமாக நெடுகப் படுத்துக் கிடந்தன. தாங்கள் உடன் இருந்திருந்தால் அந்தப் பாசியைப் பார்த்தே வேகத்தைச் சொல்லியிருப்பீர்கள். இதற்கும் மேற்கே பிரெஞ்சு பாஸ் என்ற இடுக்கில் 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல் மைல் வரை ஓடுமாம். நம் விசைப்படகு எதிர்த்துப் போனால் நகருவதே பெரும்பாடு. அந்தப் பக்கத்துக் கடலில் 1888 முதல் 1912 வரை ஓர் ஓங்கல் (டால்பின்) கப்பல்களோடு கூடவே நீந்தி வந்தது. பெலோரஸ் ஜாக் என்று பெயரிட்டு, 1904இல் அதைக் காப்பதற்கென்றே அரசு ஆணை பிறப்பித்தார்கள். சின்னவனுக்கு இதைச் சொல்லுங்கள், மகிழ்வான்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். ஏற்ற வற்ற அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஓட்டம் நின்று திரும்பும் அந்தச் சிறு பொழுதில் மட்டும்தான் அவர் தூண்டில் போடுவார்; மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும் நேரம் முடிந்தால் படகைத் திருப்பிவிடுவார். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் நாளில் கரையைவிட்டே நகர மாட்டார். இங்கே குளிர் தெற்கிலிருந்து வருகிறது, அப்பா. அந்தத் தென்காற்று அடிக்கும் நாளில் நீரிணையில் அலை சுவராக எழுகிறது, பெர்ரியையும் நிறுத்திவிடுகிறார்கள்.

அவர் எறிந்துவிட இருந்த மீன் தலைகளை நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். புளியும் மிளகாய்த்தூளும் இந்தியக் கடையில் கிடைக்கின்றன. சென்ற ஞாயிறு குழம்பு வைத்தேன். ஒருவனுக்கு அது மிகுதி, மூன்று நாள் வந்தது. சட்டியைச் சுற்றி நாம் அத்தனை பேரும் உட்கார்ந்த நினைவு வந்து, அன்று சரியாகச் சாப்பிட முடியவில்லை. இவ்வூர் அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணி ஒன்று இருக்கிறது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. 1836 வாக்கில் வடதீவின் வடபகுதியில் மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைக் கொலென்சோ என்ற மதப் பணியாளர் கண்டெடுத்தார். அந்தக் கப்பலை எந்த நீவாடு இழுத்து வந்ததோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும். குளிர்காலத்தில் மின்கட்டணம் கூடுதல், வேறொன்றுமில்லை. வேலை நன்றாகவே போகிறது. வல்லத்துக்குப் புது இஞ்சின் இப்போது வேண்டாம். பழையதையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டெல்லாவின் திருமணத்தைத் தை மாதம் வைக்கலாம் என்று மண்டபத்து மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். நகையைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டு மனைப் பட்டாவில் பெரியப்பாவின் கையெழுத்து ஆகிவிட்டதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
அந்தோணி