513 படிகளும் இதய நோயாளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாய் வைத்து ஒன்பது மாதம் ஆகிறது. சென்ற வாரம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏறப் போனவர், பாதி வழியில் கைப்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டார். சட்டை தெப்பலாக நனைந்து, உதடு வெளுத்திருந்தது. 'தினமும் நடங்கள்' என்று எல்லாரும் சொல்கிறோம், எப்படி நடப்பது என்று சொல்வதில்லை.

இப்போது தாவரவியல் பூங்காவில், மேடில்லாத பாதையில், வெயில் ஏறுமுன் நடக்கிறார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு. சில இதய மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. மூச்சை அடக்கி எடை தூக்குவது வேண்டவே வேண்டாம். நெஞ்சு இறுகினால் உடனே உட்காருங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்கடியில் வையுங்கள். அப்புறமும் வலி விடாவிட்டால் அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டியதுதான்.

தைப்பூசத்துக்குப் படியேற நினைக்கும் இதய நோயாளிகள், டிரெட்மில் பரிசோதனை (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிப்பது) தேவையா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு