குளத்தில் மருந்து கொட்டும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வயதில் சேர்க்கலாம், எப்படிப்பட்ட பயிற்சியாளர் வேண்டும் என்பதெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் பிள்ளைகள் இறங்கும் தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் மணலியில் ஓர் ஆலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மாதவரத்தில், 48 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எங்கள் நீச்சல்குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். எதை எவ்வளவு போடுவது என்பதற்கு முதல் கணக்கே இதுதான். போன வருஷம் வரை எங்கள் சங்கத்தில் யாருக்கும் இது தெரியாது. குளத்தைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்தவருக்கும் தெரியாது.

போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் தண்ணீர் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரு கேன் பாசிக்கொல்லி வாங்கச் சொன்னார். மூன்று நாள் கழித்துக் கலங்கலைத் தெளிய வைக்கும் திரவம். அப்புறம் பாஸ்பேட்டை எடுக்கும் மருந்து. அதற்கும் அசையவில்லை என்றதும், குளோரினை ஒரேயடியாக ஏற்றும் ‘ஷாக்’ பொட்டலங்கள். ஒரு மாதத்தில் 23 ஆயிரம் ரூபாய் போனது. பாசிக்கொல்லியில் செம்பு இருந்திருக்கிறது. வெள்ளைப் படிக்கட்டில் நீலப்பச்சையாகக் கறை பிடித்ததுதான் மிச்சம். தண்ணீர் அப்படியே பச்சை.

இதற்குள் பிள்ளைகளின் கண் சிவக்கிறது என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். குளோரின் அதிகம், குறையுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். என் பேத்தியும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் மேலே வந்தாள். அன்றைக்குத்தான், இனிமேல் இதை வேடிக்கை பார்க்கக் கூடாது என்று கீழே இறங்கிப் போனேன்.

பம்ப் ரூமில் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இருந்தார். "தினமும் சோதிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டேன். "பாக்குறேன் சார். மஞ்சளா வருது. மஞ்சள் வந்தா போதும்னு சொல்லியிருக்காங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் கையில் கொடுத்திருந்தது மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து. அது தண்ணீரில் இருக்கும் மொத்த குளோரினைத்தான் காட்டும். கிருமியைக் கொல்லும் குளோரின் எவ்வளவு, ஏற்கெனவே வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வீணாகிப்போனது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. கண் எரிச்சலும் மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாசனை’யும் பெரும்பாலும் அந்த வீணாய்ப்போன குளோரினால் வருகிறவை. அதற்குக் குளோரினைக் குறைப்பது வைத்தியம் ஆகாது. குளோரினைக் கூட்டிப் போட்டு, அந்த வீணானதைச் சிதைத்துத் தீர்க்க வேண்டும். இறங்கும் முன் எல்லாரும் உடம்பு நனையக் குளித்துவிட்டு வந்தால் பாதித் தொல்லை வராமலே போகும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி சோதனைப் பெட்டி வாங்கினால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

அந்தப் பெட்டியோடு இன்னொரு சின்னக் குழாயும் வாங்கினேன். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். குளத்துத் தண்ணீரில் அதற்கான மருந்தைக் கலந்தால் பால் போல் கலங்கும். அதைக் குழாயில் மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான், வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவு, பிபிஎம் கணக்கில் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எத்தனை பங்கு என்பது). எங்கள் தண்ணீரில் 100 என்ற கோட்டுக்கு வருவதற்கு முன்பே புள்ளி காணாமல் போய்விட்டது. குழாய்த் தண்ணீரைச் சரிபாதி கலந்து மறுபடி பார்த்தேன், 80. அப்படியென்றால் உண்மையில் 160. தம்பியும் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன சார், இத்தனை நாள் யாரும் சொல்லலையே" என்றார்.

சயனூரிக் அமிலம் கெட்டது இல்லை. நம் ஊர் வெயிலில் அது இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். 30 முதல் 50 வரை இருந்தால் குளோரினுக்குக் குடை பிடித்த மாதிரி. அளவு மீறினால் குளோரினை இறுக்கிப் பிடித்து வேலை செய்யவிடாது. அது 160 இருக்கும் குளத்தில் பாசி வராமல் இருக்க குறைந்தது 12 பிபிஎம் குளோரின் வேண்டும். நாங்கள் வைத்திருந்தது 2.

இவ்வளவு அமிலம் எங்கிருந்து வந்தது? முந்தின நவம்பரில் ஒப்பந்தக்காரர் வேலை சுலபம் என்று டிசிசிஏ மாத்திரைக்கு, அதாவது குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைக்கு மாறியிருந்தார். 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால், ஒரு லட்சம் லிட்டரில் குளோரினோடு 1 பிபிஎம்முக்குச் சற்று மேலே சயனூரிக் அமிலமும் சேரும். தினம் ஒன்று என்றால் மாதத்துக்கு 33. குளோரின் செலவாகிப்போகும், அமிலம் தங்கிவிடும். அதே மாத்திரை தண்ணீரின் பிஹெச்சையும் (அமில, காரத் தன்மையின் அளவு) ஆல்கலினிட்டியையும் (பிஹெச்சை ஆடாமல் தாங்கும் காரச்சத்து) இறக்கும். அதைத் தூக்க ‘ஆல்கலினிட்டி பிளஸ்’ என்று தனிப் பொட்டலம். பொட்டலத்தில் எழுதியிருக்கிற பொருள் பெயரைப் படியுங்கள். சோடியம் பைகார்பனேட், நம் வீட்டு ஆப்ப சோடா! 10,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 170 கிராம் போதும். ‘பிஹெச் பிளஸ்’ என்பது பெரும்பாலும் சலவை சோடா.

தேங்கிய அமிலத்தை எடுக்க நம்பகமான வழி, தண்ணீரை மாற்றுவதுதான். வட சென்னையில் தண்ணீரைக் கொட்டுவது என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? லாரிக்குக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். குளத்தைப் பூட்டினோம். பாதித் தண்ணீரை பில்டர் வழியாகக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். ஒன்பது நாளில் ஐம்பதாயிரம் லிட்டர் தீர்ந்தது. நிரப்பி, மறுபடி பாதி. 160 என்பது 80 ஆகி, 40 ஆனது. அப்புறம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், திரவக் குளோரின்) ஊற்றி, சுவரைத் தேய்த்து, பில்டரை ஓடவிட்டு, தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு பில்டரைக் கழுவி, மறுபடி ஊற்றி, நான்காம் நாள் அடியில் கிடந்த ஒரு ரூபாய் நாணயம் தெரிந்தது.

ஒரே எச்சரிக்கை: மழைக்காலத்தில் குளத்தை முழுசாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலித் தொட்டியை அடியிலிருந்து தள்ளி விரிசல் விட வைத்துவிடும்.

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்துப் பட்டியலைக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் கடைசியிலேயே நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்டது. நம் பகுதி போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த கடினத் தண்ணீர். அதில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் இன்னும் சுண்ணாம்புதான் சேரும். டைல்ஸில் வெள்ளைப் படிவு கட்டும். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலையில் கடல்நீரின் உப்பை நீக்கி எடுத்த குடிநீரோ சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர். அதை நிரப்பும் குளத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டை அரிக்கும். ஒருவர் கூட்ட வேண்டியதை இன்னொருவர் குறைக்க வேண்டும். சோதிக்காமல் எப்படித் தெரியும்?

எங்கள் குளத்துக்கு இப்போது மூன்றே பொருள்தான்: ஹைப்போ, பிஹெச்சை இறக்க ஆசிட், ஆப்ப சோடா. பத்து சத ஹைப்போ ஒரு லிட்டர் ஊற்றினால் எங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏறும். வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுகிறோம். குளோரின் 3க்குக் கீழே இறங்குவதில்லை, பிஹெச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில். ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் பத்து நாளைக்கு வேண்டியது மட்டும் வாங்கி நிழலில் வைக்கிறோம்.

ஆசிட் கேனும் ஹைப்போ கேனும் முன்பு ஒட்டி ஒட்டி இருந்தன. இரண்டும் கலந்தால் அந்தச் சின்ன அறையில் குளோரின் வாயு கிளம்பும். உள்ளே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. டிசிசிஏவும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். தம்பி இத்தனை நாள் கையுறைகூட இல்லாமல்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். 23 ஆயிரத்துக்கு மருந்து வாங்கினோமே, அவருக்கு ஒரு கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தர எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. இப்போது ஆசிட் தனி அறைக்குப் போய்விட்டது.

குடியிருப்புச் சங்கங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை ஒப்பந்தக்காரர் மருந்து ரசீதை நீட்டினால், இன்றைய குளோரின் எவ்வளவு, பிஹெச் எவ்வளவு, சயனூரிக் அமிலம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் குளத்துக் கதவில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. தம்பிதான் எழுதுகிறார். நேற்றைய வரி: குளோரின் 4, பிஹெச் 7.5, ஹைப்போ 2 லிட்டர், மாலை 6.30.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாதவரம், சென்னை 600 060.